வேலை நிறைய இருக்கு, கையில பைசா இல்ல. சொந்தக்காரங்ககிட்ட எப்படி கேக்கது?

வேலிமலை (தக்கலை):

எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்து வாசிங்க. திருவனந்தபுரத்துல ஒரு கம்பெனில ஆறு வருஷம் டிசைனரா இருந்தேன், காலைல இரணியல்ல ட்ரெயின் ஏறினா வீடு வந்து சேர ராத்திரி எட்டு ஆயிரும், பாப்பா பிறந்த பிறகு அது முடியல. வேலைய விட்டுட்டு வீட்டுல இருந்தே கல்யாண ஆல்பம் டிசைன், பத்திரிகை, கடை போர்டு, நோட்டீஸ்னு செய்ய ஆரம்பிச்சு ஒண்ணே கால் வருஷம் ஆச்சு. வேலைக்கு ஒரு குறையும் இல்ல, ராத்திரி ஒரு மணி வரை உக்காருறேன். ஆனா நேத்து நோட்ட எடுத்து கூட்டிப் பாத்தா வெளிய நிக்கது மட்டும் 1,12,000, பேங்க்ல இருக்கது 3,400. தரமாட்டேன்னு ஒருத்தரும் சொல்லல, எல்லாரும் "தாரேன் மக்களே, எங்க போயிரப் போறோம்"னுதான் சொல்லுதாங்க.

ஒண்ணு மட்டும் சொல்லுறேன். எங்க வீட்டுக்காரரோட சித்தப்பா மகனுக்கு ஆவணில குலசேகரத்துல கல்யாணம். போட்டோ எடுத்தது வேற ஆளு, ஆல்பம் டிசைனும் பிரிண்டும் என் பொறுப்பு. 5,000 அட்வான்ஸ் தந்தாங்க, மிச்சம் 18,500. மொத்தம் 2,800 போட்டோ இருக்கு, அதுல 120 செலக்ட் பண்ணித் தாங்கன்னு பென்டிரைவ்ல போட்டு கொடுத்தேன். மாப்பிள்ளை ஒரு மாச லீவுல வந்தவரு, கத்தாருக்கு திரும்பப் போயிட்டாரு, பென்டிரைவ் எங்கன்னு யாருக்கும் தெரியல, நான் வாட்ஸப்ல கேட்டா "வெள்ளிக்கிழமை லீவு, அன்னிக்கு பாக்கேன்"னு வரும். எத்தனை வெள்ளிக்கிழமை போச்சுன்னு எண்ணுறத விட்டுட்டேன். போன மாசம் அந்தப் பொண்ணுக்கு வளைகாப்பு. நானும் போனேன். சித்தி அத்தனை பேர் முன்னால "எங்க பிள்ளைதான் ஆல்பம் செய்யுது, இன்னும் கையில தரல பாத்துக்கிடுங்க"ன்னு சிரிச்சுட்டே சொல்லுதாங்க. பாக்கி தரவேண்டியது அவங்க, பழி எனக்கு. கவர்ல ஆயிரம் ரூவா வச்சுட்டு பிரியாணி சாப்பிட்டுட்டு வந்தேன்.

இன்னும் ரெண்டு விஷயம். கரெக்‌ஷன் முடியவே மாட்டேங்குது, ஒரு ஆல்பத்துக்கு ஒன்பது தடவை மாத்தினேன். அப்புறம் திருவனந்தபுரத்துல ஒரு கம்பெனிக்கு பிரசுரம் செஞ்சு கொடுத்தேன், மூணு மாசம் கழிச்சு பைசா போட்டாங்க, அதுலயும் பத்து சதவீதம் குறையுது, கேட்டா டிடிஎஸ்ங்காங்க, அடுத்த வேலைக்கு ஜிஎஸ்டி நம்பர் வேணும்ங்காங்க. வீட்டுக்காரரு பழையபடி வேலைக்குப் போயிரலாமேன்னு மெதுவா சொல்லுதாரு. எனக்கு மனசு இல்ல. இத நடத்திட்டு இருக்கவங்க சொல்லுங்க, பாக்கிய எப்படி கேக்கீங்க?

பழையகேமரா (மார்த்தாண்டம்):

மக்களே, நீ எழுதினத வாசிச்சப்பம் எனக்க கதைய யாரோ எழுதுன மாதிரி இருந்து. நான் 1999-ல பிலிம் ரோல் காலத்துல கேமராவ தூக்குன ஆளு. அப்பம் அட்வான்ஸ் கேக்க ஒரு கூச்சமும் கெடையாது, ஏன்னா ஒரு ரோல்ல 36 படம், ஒரு கல்யாணத்துக்கு பத்து பன்னெண்டு ரோல் வாங்கணும், கழுவணும், பிரிண்ட் போடணும், கையில பைசா இல்லாம நான் வண்டிய ஸ்டார்ட்டே பண்ண முடியாது, அது வீட்டுக்காரவியளுக்கும் தெரியும். டிஜிட்டல் வந்ததும் அவியளுக்கு மட்டுமில்ல, நமக்கே ஒரு நெனப்பு வந்துட்டு, நமக்கு என்ன செலவு, கரண்டும் ஒறக்கமும்தானன்னு. அந்த நெனப்புலதான் நானும் ஆறேழு வருஷம் கெடந்து முங்குனேன்.

எனக்கு புத்தி வந்தது ஒரு பந்தல்காரன பாத்து. கருங்கல் பக்கம் ஒரு கல்யாணம், மறுநாள் காலைல மெமரி கார்டுல ஒரு சந்தேகம் தீக்கதுக்காக அந்த வீட்டுக்குப் போனேன். பந்தல அவுத்துட்டு இருக்கான், சமையல்காரரு அண்டாவ வண்டில ஏத்துதாரு, முத்தத்துல ஒரு பிளாஸ்டிக் சேர போட்டு பொண்ணுக்க தாய்மாமன் உக்காந்திருக்காரு, மடியில ஒரு நீள நோட்டு, பக்கத்துல ஒரு மஞ்சப்பை. பந்தல்காரன் வந்து நிக்கான், பேரச் சொல்லுதான், மாமன் நோட்டுல பாத்து எண்ணிக் கொடுக்காரு, பேருக்கு நேர ஒரு கோடு இழுக்காரு. சமையல்காரரு, மேளம், வேன், எல மொத்தமா எடுத்த கடைக்காரன், எல்லாருக்கும் கோடு விழுந்தாச்சு. போட்டோன்னு எழுதி எனக்க பேரும் அதுல இருக்கு. நான் என்ன சொன்னேன் தெரியுமா, "ஆல்பம் தரும்போ வாங்கிக்கிடுதேன் மாமா"ன்னு பெரிய மனுசன் மாதிரி சொல்லிட்டு சாயா குடிச்சிட்டு வந்தேன். எட்டு மாசம் நடந்தேன் அந்த பைசாவுக்கு.

பின்னதான் எனக்கு வெளங்குச்சு. அந்த நோட்டு ஒரு வாரத்துல மூடிரும் மக்களே. நோட்டு தொறந்திருக்க வரை நீ கல்யாணச் செலவு, அதுக்குன்னு பைசா எடுத்து வச்சிருப்பாவ, நகையப் பணயம் வச்சாவது வச்சிருப்பாவ. நோட்ட மூடியாச்சுன்னா நீ கடன திருப்பிக் கேக்க வந்த ஆளு. அந்த பைசா பின்ன ஸ்கூல் பீசு, சீட்டுப் பணம், வீட்டு லோன் எல்லாத்துக்கும் பொறவு வரிசைல நிக்கணும். ஆளு மோசம் இல்ல, வரிசை அப்படி.

அதுகொண்டு இப்பம் நான் செய்யது என்னன்னா, புக்கிங்குக்கு ஒரு பங்கு, கல்யாணத்துக்கு முந்துன நாளு ஒரு பங்கு, நோட்டு மூடுகதுக்கு முன்ன பெரும்பங்கு. ஆல்பம் கையில கொடுக்கும்போ ரெண்டாயிரமோ மூவாயிரமோதான் பாக்கி நிக்கும், அது வரலேன்னாலும் நான் ஒறங்குவேன். கேக்கதும் மாப்பிள்ளைகிட்ட இல்ல, அவன் வளைகுடாவுக்கு பிளேன் ஏறிருவான். அம்மைகிட்டயும் இல்ல, அவியளுக்கு தர மனசு இருக்கும், கையில இருக்காது. அந்த நோட்டு யாரு மடியில இருக்குன்னு பாத்து அந்த ஆளுகிட்ட முதல்லயே பேசிரணும். எந்த வீட்டுலயும் ஒரு ஆளு உண்டு.

பின்ன செலக்‌ஷன். இது ஒனக்க கேசுல முக்கியம் கேட்டியா. அவியளு செலக்ட் பண்ணினாதான் ஒனக்கு வேலை, வேலை முடிஞ்சாதான் ஒனக்கு பைசான்னு வச்சா நீ எப்பம் சாப்பிடணும்னு அவன்லா தீர்மானிக்கான். எனக்க பில்லுல தமிழ்ல பெருசா அடிச்சிருக்கேன், போட்டோ தந்து 30 நாளுக்குள்ள செலக்‌ஷன் வரலேன்னா நானே எடுத்து ஆல்பம் போட்டுருவேன், அதுக்குப் பொறவு மாத்தணும்னா ஆல்பம் சீட்டு ஒண்ணுக்கு தனி ரேட். மொத தடவை அப்படி செஞ்சப்பம் ஒரு வீட்டுல சண்டைக்கே வந்தாவ. இப்பம் அந்த வீட்டு ஹால்ல நான் எடுத்த படந்தான் பெருசா மாட்டிருக்கு. ஆயிரக்கணக்குல போட்டோவ பாத்தா மனுசனுக்கு மலைப்புதான் வரும், பாவம்.

தோவாளை சந்தைல பிச்சிப்பூவ காலைல விக்கலேன்னா உச்சைக்கு என்ன வெலை கெடைக்கும்னு ஒனக்குத் தெரியும். கல்யாண ஆல்பமும் அப்படியாக்கும். பதினஞ்சு நாளு தூக்கம் வராம கேப்பாவ, குழந்தை பிறந்தா அதுக்க போட்டோதான் வேணும்.

சும்மா ஒருத்தன்:

வளைகாப்புக்கு வச்ச ஆயிரத்தையும் பில்லுல சேத்துருங்க அக்கா, 19,500.

கோட்டாறு நூல்:

நான் ஆரி வேலைப்பாடு பிளவுஸ் தச்சு கொடுக்கேன், பத்து வருஷம் ஆகப்போகுது. அண்ணே சொன்னதுல பாதிய ஒத்துக்கிடுவேன், மீதி எனக்கு ஒத்து வராது. வெளியாளுகிட்ட மூணு பங்கா பிரிச்சு வாங்கலாம், ஆனா சொந்தத்துல "முந்துன நாளு இவ்ளோ வைங்க"ன்னு கேட்டா நம்ம ஊர்ல அது ஒரு பேச்சா ஆயிரும், கல்யாண வீட்டுக்குள்ள வச்சே பைசா கேட்டான்னு பத்து வருஷம் சொல்லுவாங்க. அதுவும் பொண்ணுங்க கேட்டா இன்னும் கூட.

நான் என்ன செஞ்சேன்னா சொந்தத்துக்கு நடுவுல ஒரு ரேட் கெடையாதுன்னு முடிவு பண்ணேன். ஒண்ணு இனாம், இல்ல முழு ரேட். என் தங்கச்சி, மைனி, அத்தை மக, இப்படி நாலு பேருக்கு கல்யாணப் பரிசா நானே தச்சு கொடுத்துட்டேன், அத மொய்யா நெனச்சுக்கிட்டேன், ஆயிரம் ரூவா கவர் வைக்கல. மத்தவங்களுக்கு ரேட் கார்டுதான். இந்த "நமக்குள்ள பாத்துக்கிடலாம்"னு சொல்லுற பாதி ரேட்டு இருக்கு பாருங்க, அதுலதான் பைசாவும் போவும் உறவும் போவும். நீங்க எத்தனை குறைச்சு சொன்னாலும் அவங்க மனசுல அது இனாம்னுதான் பதியும், உங்க மனசுல அது பாக்கின்னு பதியும்.

பைசா வராம பிளவுஸ் என் வீட்டு அலமாராவ விட்டு வெளிய போகாது. உங்களுக்கு அது கஷ்டம், பைல அனுப்பினா போச்சு. அதனால டிசைன காட்டும்போ சின்ன சைஸ்ல, குறுக்க உங்க கடை பேரு போட்டு அனுப்புங்க, பெரிய பைல், திருத்தக்கூடிய பிஎஸ்டி பைல் எல்லாம் கணக்கு தீந்த பிறகு.

கரெக்‌ஷனுக்கு ஒரு வார்த்தை. பிளவுஸ ஒரு தடவை போட்டுப் பாக்கச் சொல்லுவேன், கை தூக்கச் சொல்லுவேன், குனியச் சொல்லுவேன், அங்கேயே சாக்பீஸ்ல குறிச்சுக்கிடுவேன். அதுக்குப் பிறகு மெலிஞ்சா தடிச்சா என் தப்பு இல்ல. நீங்களும் ஒரு தடவை அவங்கள பக்கத்துல உக்கார வச்சு எல்லாத்தையும் ஒரே லிஸ்டா எழுதி வாங்குங்க. வாட்ஸப்ல ஒவ்வொண்ணா வந்தா ஒன்பது இல்ல தொண்ணூறு வரும்.

கணக்குப்பிள்ளை (நாகர்கோவில்):

தங்கச்சி, நான் ஆடிட்டர் ஆபீஸ்ல இருக்கேன், உறவு விஷயத்துல எனக்கு ஒண்ணும் தெரியாது, என் பாக்கியே வெளிய நிக்குது. அந்த கம்பெனி விஷயம் மட்டும் சொல்லுறேன்.

ஜிஎஸ்டி: சர்வீஸ் செய்யறவங்களுக்கு வருஷத்துக்கு 20 லட்சம் தாண்டினாதான் ரெஜிஸ்ட்ரேஷன் கட்டாயம். கேரளாவுக்கு பில் போட்டா ஸ்டேட் தாண்டிருச்சு, முதல் ரூபாயிலயே எடுக்கணும்னு சிலர் பயமுறுத்துவாங்க, பொருள் விக்கிறதுக்குத்தான் அந்தப் பேச்சு, சர்வீஸுக்கு 2017 அக்டோபர்லயே விலக்கு கொடுத்தாச்சு. பில்லுல "ஜிஎஸ்டி வரம்புக்குள் இல்லை"ன்னு ஒரு வரி போட்டு அனுப்புங்க, பெரும்பாலும் ஒத்துக்கிடுவாங்க.

டிடிஎஸ்: பில்லுல இருந்து முன்னாலயே பிடிக்கிற வருமான வரி. அந்த பத்து சதவீதம் எங்கயும் போகல, உங்க பான் நம்பர்ல அரசாங்கத்துக்கு கட்டியிருக்கணும். கட்டினாங்களான்னு இன்கம்டாக்ஸ் போர்ட்டல்ல 26ஏஎஸ்ங்கற வரி பிடிச்ச கணக்கு எடுத்துப் பாருங்க, அதுல இல்லேன்னா உடனே கேளுங்க. 2025 ஏப்ரல்ல இருந்து வர்ற வருமானத்துக்கு புது முறைல 12 லட்சம் வரை வரி வராது, அதனால ரிட்டர்ன் போட்டா பிடிச்சது அப்படியே திரும்ப வரும். ரிட்டர்ன் போடாம விட்டுட்டு "பிடிச்சுட்டான் பிடிச்சுட்டான்"னு வருஷா வருஷம் அழுறவங்கள நான் தினமும் பாக்கேன். பான் கொடுக்காம விட்டா இருபது சதவீதம் பிடிப்பாங்க, அதையும் கவனிங்க.

மூணு மாச லேட்டுக்கு: உத்யம்ங்கற சின்ன தொழில் ரெஜிஸ்ட்ரேஷன் எடுத்து வைங்க. ஆதாரும் பானும் போதும், பைசா கெடையாது, அரசாங்க சைட்ல நீங்களே பத்து நிமிஷத்துல போட்டுரலாம். ஆயிரம் ரெண்டாயிரம் கேக்குற சைட்டுங்க கூகிள்ல மேல வரும், அதுல விழுந்துராதீங்க. உத்யம் இருக்க சின்ன தொழிலுக்கு, எழுத்துல ஒப்பந்தம் போட்டிருந்தாலும் 45 நாளுக்கு மேல இழுக்கக்கூடாது, ஒப்பந்தமே இல்லேன்னா 15 நாளு. தாண்டினா ரிசர்வ் பேங்க் ரேட்டோட மூணு மடங்கு வட்டி, அதுவும் மாசா மாசம் கூட்டுவட்டி. 2006-ல வந்த சட்டம். இப்ப என்னன்னா, அப்படி லேட்டாக்கினா அந்த வருஷம் அந்த பில்ல அவங்க வரிக் கணக்குல செலவா காட்ட முடியாது, கொடுக்கிற வருஷந்தான் காட்டலாம், அதனால மார்ச் மாசம் கம்பெனிக்காரங்களே தேடிப் பிடிச்சு கேக்காங்க. ஆனா வேலை செய்றதுக்கு முன்னாலயே உத்யம் இருக்கணும், பழைய பில்லுக்கு இது கை கொடுக்காது. நம்பர பில்லுல மேலயே போடுங்க, கேட்டுட்டு அலைய வேண்டாம், அந்த நம்பர பாத்தாலே அக்கவுண்ட்ஸ்ல இருக்கவன் பில்ல எடுத்து மேல வைப்பான்.

சித்தப்பாவுக்கு இதெல்லாம் செல்லாது, நோட்டீஸ் விட்டா பொங்கலுக்கு யாரு வீட்டுக்குப் போவீங்க. ஆனாலும் ஒரு பில்லு தேதி போட்டு கொடுத்து வைங்க, பாக்கிக்கு கேஸ் போடணும்னா பொதுவா மூணு வருஷத்துக்குள்ள போடணும்னு சட்டம். போடச் சொல்லல, தேதிய மறந்துராதீங்கன்னு சொல்லுறேன்.

ரப்பர்காடு (குலசேகரம்):

அக்கா நானும் வீட்டுல இருந்து வீடியோ எடிட்டிங் செய்யேன், அம்மா ரப்பர் பால் வெட்டுக்குப் போறவங்க. நான் மொத வருஷம் ஆவணி, தை வந்தா ராஜா மாதிரி இருப்பேன், ஆடில அம்மாகிட்ட ரீசார்ஜ்க்கு பைசா கேப்பேன். அம்மா ஒரு நாள் கேட்டாங்க, "மழை வந்தா வெட்டு இல்ல, எல உதுந்தா வெட்டு இல்லன்னு எனக்குத் தெரியும், நான் ஒட்டுப்பால் வித்த பைசாவ கூட தனியா டப்பால போடுதேன், ஒனக்கு ஆடி வருகது தெரியாதா?" அதுக்கு பதில் சொல்ல முடியல. நம்ம ஜில்லால ஆடி, மார்கழில இந்து கல்யாணம் இல்ல, தவக்காலம் நாப்பது நாளும் கிறிஸ்துமஸுக்கு முந்துன திருவருகைக் காலமும் சர்ச்ல கல்யாணம் குறைவு, ரெண்டையும் காலண்டர்ல கட்டம் போட்டுப் பாத்தா மார்கழி தொடக்கமும் திருவருகைக் கால கடைசியும் ஒண்ணா வந்து விழும், அப்பம் நெஜமாவே ஒண்ணும் இருக்காது. இப்பம் ஒவ்வொரு பேமெண்ட்லயும் கால்வாசி வேற பேங்க் அக்கவுண்டுக்கு போட்டுருவேன், அதுக்கு ஏடிஎம் கார்டே வாங்கல.

இன்னொண்ணு, நீங்க கேக்கல, ஆனா சொல்லுறேன். ஐப்பசி இடி மழைல எனக்கு ஒரு ஹார்ட்டிஸ்க் போச்சு, பிளக் எல்லாம் பிடுங்கிட்டுதான் தூங்கினேன், நெட் கேபிள பிடுங்கல, மின்னல் அது வழியா மோடத்துக்கு வந்து கம்ப்யூட்டருக்குள்ள போயிட்டு. ரெண்டு கல்யாண வீடியோ அதுல இருந்துது. ஒண்ணு போட்டோகிராபர்கிட்ட இருந்து திரும்பக் கெடைச்சுது, இன்னொண்ணுக்கு அந்த வீட்டு வாசல்ல போயி நின்னு சொல்லணும் பாருங்க. இப்பம் எல்லாத்துக்கும் ரெண்டு காப்பி, ஒண்ணு மாமா வீட்டு பீரோல இருக்கு.

வேலிமலை (தக்கலை):

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பழையகேமரா அண்ணே, நோட்டு விஷயம் வாசிச்சுட்டு வீட்டுக்காரருகிட்ட கேட்டேன், குலசேகரம் கல்யாணத்துக்கு நோட்டு யாரு வச்சிருந்தாங்கன்னு. யோசிக்காம சொன்னாரு, பெரிய மாமான்னு. எனக்கு இத்தனை மாசமா இது கேக்கத் தோணல. ஆனா நோட்டுதான் மூடியாச்சே, இப்ப என்ன செய்ய?

பழையகேமரா (மார்த்தாண்டம்):

கத்தார்ல இருக்கவன விட்டுரு. நீயே 120 படம் எடு, எல்லா மாமன் அத்தையும் ஒரு படத்துலயாவது வரணும், அத மட்டும் பாத்துக்க, ஒரு ஆளு விட்டுப் போனாலும் சண்டைதான். மொத அஞ்சு சீட்ட டிசைன் பண்ணி, கோட்டாறு தங்கச்சி சொன்ன மாதிரி குறுக்க பேரு போட்டு, அந்தப் பொண்ணுக்கு அனுப்பு. அவளுக்கு இப்பம் படுத்துக்கெடக்க நேரம் உண்டு, அவளுக்க கல்யாணம்லா. அவ கேட்டா அந்த வீட்டுல பைசா வரும். பின்ன பெரிய மாமாகிட்ட நேர்ல போ, போன் வேண்டாம். பாக்கின்னு சொல்லாத. பிரிண்டுக்கு கொடுக்கணும், இவ்ளோ ஆவும், எந்த தேதிக்குன்னு கேளு.

வேலிமலை (தக்கலை):

பதினாறு நாள் கழிச்சு வாறேன், என்ன ஆச்சுன்னு சொல்ல வேண்டாமா.

உத்யம் எடுத்தாச்சு. 26ஏஎஸ்ல அந்த கம்பெனி கட்டினது வந்திருக்கு, நான்தான் பாக்காம இருந்திருக்கேன்.

ஆல்பம் விஷயத்துக்கு வாறேன். அஞ்சு சீட்டு அந்தப் பொண்ணுக்கு அனுப்பினேன், ராத்திரி பத்தரைக்கு. பதினொண்ணுக்குள்ள பதினேழு மெசேஜ். மறுநாள் அவளே பென்டிரைவ தேடி எடுத்துட்டா, மாப்பிள்ளையோட பழைய பேண்ட் பாக்கெட்ல இருந்துச்சாம், ரெண்டு நாள்ல 131 படம் செலக்ட் பண்ணி அனுப்பினா. 11 கூடுதல், அதுக்கு மூணு சீட்டு ஏறும்னு ரேட்டையும் சொன்னேன், சரின்னுட்டா. கரெக்‌ஷன் ஒரே லிஸ்டா வந்துச்சு, பதினாலு ஐட்டம், அதுல ஒன்பதாவது "அத்தை கண்ண மூடியிருக்காங்க, மாத்துங்க". அத்தைன்னா எங்க சித்தி. எந்தப் படத்துல பாத்தாலும் சித்தி கண்ண மூடித்தான் இருக்காங்க, கடைசில தாலி கட்டுற படத்துல இருந்து ஒரு கண்ண எடுத்து ஒட்டி வச்சிருக்கேன், யாருகிட்டயும் சொல்லிராதீங்க.

பெரிய மாமா வீட்டுக்கு ஞாயித்துக்கிழமை போனேன், பாப்பாவையும் தூக்கிட்டு. சாயாவும் ஏத்தங்கா சிப்ஸும் வந்துச்சு, அரை மணிக்கூறு ரப்பர் வெலையப் பத்தி பேசினாரு. நான் பில்ல எடுத்து டீப்பாய் மேல வச்சேன், கை நடுங்குச்சு. "பிரிண்டுக்கு கொடுக்கணும் மாமா"ன்னேன். அவரு கண்ணாடிய போட்டு வாசிச்சு, "நான் குடுத்தாச்சுன்னுல்லா நெனச்சேன், நோட்டுல கோடு இருந்துதே"ன்னாரு. உள்ள போயி நோட்ட எடுத்துட்டு வந்தாரு, நெஜமாவே எடுத்துட்டு வந்தாரு. ஆல்பம்னு எழுதி பாதி கோடு, அஞ்சாயிரத்துக்கு நேர. அப்பமே 10,000 ஜிபேல போட்டாரு. மிச்சத்த சனிக்கிழமை தாரேன்னாரு.

பழையபடி "சரி மாமா"ன்னு எந்திரிச்சிருப்பேன். வாசல் வரை வந்துட்டு திரும்பி, எந்த சனிக்கிழமை மாமான்னு கேட்டேன். ஒரு நிமிஷம் என்னப் பாத்தாரு, பிறகு காலண்டர தூக்கிப் பாத்து 14-ந்தேதின்னு சொல்லி நோட்டுல எழுதிக்கிட்டாரு.